குரத்தியர் அமர்ந்த இருக்கை: தமிழ்ச் சமணப் பெண்டிரும் பொதுவாழ்வும்

தமிழ்ப் பெண்டிரின் பெருமையைப் பற்றி எந்த மலரில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஔவையார் வருவார், கண்ணகி வருவாள், ஆண்டாள் வருவாள். வரட்டும், வர வேண்டியவர்கள்தான். ஆனால் கல்லிலே பெயர் வெட்டப்பட்டும் நம் நாவிலே பெயர் ஏறாத பெண்கள் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் அரசியர் அல்லர். தெய்வமாக வணங்கப்பட்டவர்களும் அல்லர். பாடம் சொன்னவர்கள், பள்ளி நடத்தியவர்கள், கிணறு தோண்டியவர்கள். அவர்களைக் கல்வெட்டு 'குரத்தியர்' என்று அழைக்கிறது. அவர்கள் இருந்த இடம் என்ன, அந்த இடம் எப்படிக் கைநழுவியது, நம் இலக்கியமும் நம் உரைகளும் அவர்களை எப்படிக் காட்டின என்பதை இயன்றவரை எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுகிறவன் பண்டிதன் அல்லன். சாகணில் முப்பது வருஷமாக அரிசிக்கடை நடத்துகிறவன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். ஆரணியிலிருந்து பொன்னி அரிசி வரவழைத்து, இங்கே கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளுக்குக் கொடுப்பது பிழைப்பு. வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊரில் வெங்காயம் தொடாத வியாபாரி என்று மராட்டிய நண்பர்கள் கேலி செய்வார்கள். என் படிப்பெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததுதான். ஆகவே கணக்குப் பார்க்கிறவன் புத்தியோடுதான் இதையும் பார்க்கிறேன், அறிஞர்கள் பொறுத்தருள்க.

ஓர் எழுத்தின் கதை

முதலில் சொல்லைப் பார்ப்போம். குரவர் என்றால் பெரியோர், ஆசிரியர். அதன் பெண்பால் குரத்தி. இடையின ரகரம். வல்லின றகரம் போட்டால் அர்த்தமே வேற. சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊர் மலருக்கு இந்தப் பெண்களைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று அனுப்பினேன். அச்சுக்குக் கொடுக்கும்போது யாரோ ஒருவர் அதைப் பிழை என்று எண்ணி, எல்லா இடத்திலும் 'குறத்தி' என்று திருத்திவிட்டார். படித்த நண்பர் ஒருவர் போன் பண்ணி, "மலைக்குறத்திகள் சமணப் பள்ளி நடத்தினாங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனாலும் யோசித்தால் மனசு கனக்கிறது. ஆசிரியராக இருந்த பெண்ணுக்கு மரியாதையான ஒரு சொல் தமிழிலே இருந்தது. அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்தாலும் அது பிழை என்று தோன்றுகிற அளவுக்கு அதை நாம் மறந்துபோனோம்.

கல் சொல்லும் சேதி

கழுகுமலைக்குப் போனவர்கள் வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே மலையின் இன்னொரு பக்கத்தில் பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒன்றிரண்டு வரி வட்டெழுத்து. இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில் சேதி முடிந்துவிடும். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பெயர்ப் பட்டியலில் குரத்தியர் பலர் இருக்கிறார்கள்: சங்கக் குரத்திகள், திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்த ஆசிரியை ஒருவரின் பெயர் கழுகுமலையில் இருக்கிறது என்றால், பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில் அவர் புகழாவது அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்! அந்தச் சிதறாலிலேயே, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன்னணி கொடுத்த கல்வெட்டும் உண்டு.

நம் வடாற்காட்டுப் பக்கம் வாருங்கள். வந்தவாசி வட்டாரத்து வேடால், பழைய பெயர் விடால். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று கருதப்படும், 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். அவர் தரப்பில் 500 மாணாக்கியர். எதிர்த் தரப்பில் 400 பேர். இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவூட்டும் பொறுப்பு ஏற்கப்படுகிறது.

இந்தக் கல்வெட்டை எடுத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 500 என்ற எண்ணிக்கையைச் சொல்லிப் பூரித்துவிட்டுச் சண்டையை மெல்ல மறைத்துவிடுகிறார்கள். எனக்கோ அந்தச் சண்டைதான் முக்கியம். சண்டை இருந்தது என்றால் அங்கே நிர்வாகம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தீர்த்து ஒரு முடிவு கட்டி, கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்கு அந்தப் பெண்களின் காரியம் பொதுக்காரியமாக இருந்தது. பூசையறைப் படத்துக்குச் சண்டை வராது. உயிரோடு இயங்குகிற நிறுவனத்துக்குத்தான் வரும். நம்ம சங்கத்துப் பொதுக்குழுவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

இன்னொன்று விளாப்பாக்கம். ஆர்க்காட்டுக்குப் பக்கம். முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டு, அதாவது 945 வாக்கில். திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தி அடிகள் அங்கே கிணறு ஒன்று தோண்டுவிக்கிறார். அந்தக் கிணறும் மனையும் பெண்பள்ளியாக ஏற்படுத்தப்பட்டு, ஊர் 'இருபத்து நால்வர்' மேற்பார்வையில் விடப்படுகின்றன. பட்டினி நோன்பால் பெயர் பெற்றவர், ஊருக்குத் தண்ணீர் தந்திருக்கிறார். இதைவிடப் பொதுவாழ்வு வேறென்ன வேண்டும்?

இப்போது ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் இராசராசனின் தமக்கை பெயரால் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே நந்தாவிளக்கு வைத்த பெண்மணி சாமுண்டப்பை. மல்லியூர் வணிகர் நன்னப்பையனின் மனைவி என்று கல்வெட்டு அவரை அடையாளம் காட்டுகிறது. குந்தவை பெரிய இடத்துப் பெண். அவரைச் சொல்லும்போதும் இன்னார் தமக்கை என்றே சொல்கிறோம். ஆனால் குரத்தியர் யாருடைய மகளாகவும் மனைவியாகவும் அறியப்படவில்லை. இன்ன ஊர்க் குரத்தி, இன்ன ஆசிரியரின் மாணாக்கி, அவ்வளவுதான் அவர்கள் முகவரி. ஊரும் கல்வியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு பெண்ணுக்கு இந்த முகவரி கிடைத்தது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு இன்றைக்குக் கிடைக்கிறதா என்று ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

கவுந்தி கொடுத்த ஜாமீன்

கல்லிலிருந்து காப்பியத்துக்கு வருவோம். குரத்தியரின் இலக்கிய வடிவம் கவுந்தியடிகள். தோளில் உறியும் கையில் மயிற்பீலியுமாகக் கோவலன் கண்ணகியோடு மதுரைக்கு நடந்தவர். அவரைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது இரண்டே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, சிறு பூச்சியையும் மிதிக்காமல் நடக்கச் சொன்ன அருளுடைமை. மற்றது, வம்பு பேசிய இருவரை நரியாகப் போகும்படி சபித்தது. முதலாவதைப் புகழ்வார்கள், இரண்டாவதற்குச் சமாதானம் தேடுவார்கள். பன்னிரண்டு மாதத்தில் சாபம் நீங்கும் என்று சொன்னாரே என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவிலே கவுந்தியின் பெரிய காரியம் காணாமல் போய்விடுகிறது. அது அடைக்கலம். மதுரைப் புறஞ்சேரியில், அறவோர் வாழும் இடத்தில், இல்லறத்தார் தங்க முடியாது. கோவலனோ சிலம்பு விற்க நகருக்குள் போக வேண்டும். அப்போது கவுந்தி, ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். அடைக்கலம் காப்பதன் பெருமையைச் சொல்லி ஒப்படைக்கிறார். வியாபாரி கண்ணுக்கு இது என்ன? ஜாமீன். ஒருவர் வாக்கு கொடுக்கிறார், ஒருவர் பொறுப்பு ஏற்கிறார். இரண்டு பேரும் பெண்கள். ஒருவர் சமணத் துறவி, மற்றவர் மாலை வணங்கும் குலத்து இடைச்சி. சாதியும் சமயமும் அங்கே குறுக்கே வரவில்லை. பத்திரமும் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது.

பிறகு நடந்தது உலகுக்கே தெரியும். தவறு இழைத்தவன் பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்டவன் பாண்டியன். மாதரி தீயில் புகுகிறாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். உரை சொல்லுகிறவர்கள் இதைத் துயரம் என்கிறார்கள். சிலர் சல்லேகனை என்று சமயப் பெயர் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது. கொடுத்த வாக்குப் பொய்த்துப்போனது. தன் குற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜாமீன் நின்றவர் கடன் கட்ட வேண்டும். கவுந்தி கட்டினார், மாதரியும் கட்டினாள். பாண்டியன் அரியணையில் உயிர்விட்டதை 'நீதி' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். அதே தராசில் இந்த இரண்டு பெண்களையும் வைத்து நிறுக்க நம் திறனாய்வாளர் பலருக்குத் தோன்றவில்லையே! அரசன் செய்தால் அறம், பெண் செய்தால் சோகம் என்று பிரித்தது இளங்கோ அல்ல. படித்த நாம்தான் பிரித்தோம்.

நீலகேசிக்கு ஏன் பேய்ப்பிறவி?

நீலகேசியின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது என்பர். வாமன முனிவரின் சமயதிவாகர உரையோடு இந்நூலை 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். நம் சமூகத்துக்கு அவர் செய்த உதவிகளில் இது தலையாயது.

கதைத்தலைவி முதலில் சுடுகாட்டில் உலவும் பேய். முனிச்சந்திரர் என்ற முனிவரைப் பயமுறுத்த வருகிறாள். அவர் அஞ்சவில்லை. பேய் மனம் மாறி அறம் கேட்கிறாள். அதன் பிறகு ஊர் ஊராகப் போய் வாது செய்கிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று எத்தனை பேர்! ஒரு பெண், தன்னந்தனியாக, அரசவைகளில் நின்று தருக்கம் பேசி வெல்கிறாள். இதுதான் நூல் முழுவதும்.

இந்நூலில் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. நம் நூல் என்பதற்காகச் சொல்லாமல் விட முடியாது.

முதலாவது, எதிராளியை வைத்திருக்கும் விதம். எதிர்த்தரப்பார் பல இடங்களில் தோற்பதற்கென்றே பேசுகிறார்கள். குண்டலகேசி என்ற பௌத்தப் பெண் தன் காப்பியத்தில் வாதில் வெல்லும் வீராங்கனை. இங்கே அவள் தோற்று ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு பெண்கள் அவை நடுவே தத்துவம் பேசும் காட்சி தமிழில் எவ்வளவு அபூர்வம்! அதைச் சமயப் போட்டிக்கே செலவழித்துவிட்டாரே கவிஞர் என்று ஆதங்கமாக இருக்கிறது. குண்டலகேசி நூலோ முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வழக்கின் மறுதரப்பையும் நாம் கேட்க முடியவில்லை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. அவையில் பேசும் பெண் பேயாகப் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்று ஏன் ஆனது? கவுந்தி என்றால் முதிர்ந்த துறவி. நீலகேசி என்றால் பேய். இல்லறத்துப் பெண்ணுக்கு அவையில் வாயில்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை அவை நடுவே யாழ் மீட்டுகிறாள் என்றால், அந்தப் போட்டியே அவளை யார் மணப்பது என்று தீர்மானிக்கத்தான். மனைவியர் எண்மரும் கடைசியில் துறவு பூணுகிறார்கள்; அதுவும் சீவகன் துறந்த பிறகு. ஆகப் பேசுவதற்கு உரிமை வேண்டும் என்றால், பெண் முதலில் வீட்டைத் துறக்க வேண்டும் அல்லது மனிதப் பிறவியையே தாண்டி வர வேண்டும் என்பது நம் காப்பியங்கள் வைத்த நிபந்தனை. இதற்குப் பெரிய விலக்கு, பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கண்ணகி. அவளுக்கும் கணவன் செத்த பிறகுதான் வாய் திறந்தது.

கல்வெட்டுக் குரத்தியரையும் காப்பியக் குரத்தியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்வெட்டில் இருப்பவர்கள் கிணறும் பள்ளியும் மாணாக்கியருமாகச் சாதாரணமாக இருக்கிறார்கள். காப்பியத்தில் இருப்பவர்கள் சாபமும் மாயமுமாக அதிசயமாக இருக்கிறார்கள். அதிசயம் ஆக்கிவிட்டால் யாரும் பின்பற்ற வேண்டியதில்லை, கும்பிட்டால் போதும். என் துணிபு இதுதான்: நம் இலக்கியம் குரத்தியரை உயர்த்தியது, ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு எட்டாத உயரத்தில் உயர்த்தியது.

எப்படி நின்றுபோனது?

11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு குரத்தி என்ற சொல் கல்லில் அருகி, பிறகு காணாமல் போகிறது. பள்ளிகளுக்குக் கிடைத்த அரச ஆதரவு குறைந்தது, சைவ வைணவ எழுச்சி, சமணக் குடிகள் சுருங்கியது என்று காரணங்கள் பல சொல்வர். ஆண் துறவியரும் குறைந்தார்கள். ஆனால் மேல்சித்தாமூர் மடம் வழியாக ஆண்களின் குருபீடம் ஒன்று நிலைத்தது. பெண்களுக்கு அப்படி ஒரு பீடம் நிலைக்கவில்லை.

இங்கே சிலர் சாத்திரத்தைக் கொண்டுவருவார்கள். திகம்பர நெறிப்படி பெண் பிறவியிலேயே வீடுபேறு இல்லை. ஆகவே பெண் தலைமை எதற்கு என்பார்கள். சுவேதாம்பரர் இதை ஏற்பதில்லை. 19ஆம் தீர்த்தங்கரர் மல்லிநாதர் பெண் என்றே அவர்கள் சொல்வார்கள். கர்நாடகத்தில் செழித்திருந்த யாபனீயர் என்ற பிரிவினரும் பெண்ணுக்கு வீடு உண்டு என்றனர். அவர்களில் ஒருவரான சாகடாயனர் 9ஆம் நூற்றாண்டில் அதற்கென்றே நூல் செய்தார். தமிழ்நாட்டுக் குரத்தியர் பெருகியதற்கு யாபனீயர் தொடர்பு காரணமாகலாம் என்று கருதும் ஆய்வாளர் உண்டு. அது எப்படியும் போகட்டும். என் கேள்வி எளிமையானது. மோட்சம் யாருக்கு என்பது அடுத்த உலகத்து வழக்கு. பாடம் சொல்வதும் பள்ளி நடத்துவதும் இந்த உலகத்து வேலை. அந்த வேலையை வேடாலிலும் விளாப்பாக்கத்திலும் பெண்கள் செய்தார்கள். ஊர் ஒத்துக்கொண்டு கல்லில் வெட்டியது. ஆகவே சாத்திரத்தைக் காட்டி நிர்வாகக் குழுவில் நாற்காலி மறுப்பது நம் பழைய வழக்கத்துக்கே விரோதம்.

குரத்தி மறைந்த பிறகும் கல்வி முழுசாகச் செத்துவிடவில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் பாடம் கேட்கப் போனார். அங்கே ஒரு வீட்டில் தோரணமும் கோலமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து நிறைவு செய்ததற்கான கொண்டாட்டம் என்றார்களாம். எவ்வளவு அழகான சேதி! ஆனால் கோலம் என்ன, தானாகவா முளைத்தது? அதைப் போட்ட கைகள் கதையை எத்தனை நாள் கதவோரம் நின்று கேட்டிருக்கும்! என் ஆயா அப்படித்தான். மல்லிநாதர் சரிதமும் சீவகன் கதையும் நாலடிச் செய்யுள்களும் அவள் வாயிலேயே இருக்கும். தெருப்பிள்ளைகள் எல்லாம் அவளிடம் கேட்டு மனப்பாடம் பண்ணினோம். 'வாத்தியார்' என்று நாங்கள் கூப்பிட்டதோ கோயில் உபாத்தியாயரை மட்டும்தான். ஆயாவுக்கு ஆயா என்ற பெயர்தான் கடைசிவரை.

உலகத்தில் பிறருக்கும் நடந்தது

இது நமக்கு மட்டும் வந்த நோய் அன்று. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ, இபிபியோ, அன்னாங் என்ற இனத்தார் வாழ்கிறார்கள். அங்கே சந்தை வியாபாரம் பெரிதும் பெண்கள் கையில். பெண்களுக்கென்று கூட்டங்களும் ஊர்க் காரியத்தில் சொல்லும் இருந்தன. வெள்ளைக்காரன் வந்து, ஆண்களில் சிலரைப் பிடித்து 'தலைவர்' என்று சீட்டுக் கொடுத்தான். பெண்களுடைய பழைய இருக்கை எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. பதிவாகாததால் இல்லை என்றே ஆகிவிட்டது. பெண்கள் மீதும் வரி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, 1929 இறுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். பிறகு விசாரணை நடந்து, தலைவர் முறை திருத்தப்பட்டு, சில இடங்களில் பெண்களும் வழக்கு மன்றங்களில் அமர்த்தப்பட்டார்கள்.

அவர்கள் கதையையும் நம் கதையையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் துப்பாக்கி இல்லை, புரட்சியும் இல்லை. ஆனால் ஏட்டில் பெயர் இல்லாமல் போவதுதான் இருக்கை பறிபோவதன் முதல் படி என்பது இரண்டுக்கும் பொது.

நாம் வாழும் மண்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாம் பிழைக்க வந்த புணே மண்ணைப் பாருங்கள். 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது இந்த நகரத்தின் பிடே வாடாவில். 1882இல் பண்டித ரமாபாய் ஆர்ய மகிளா சமாஜத்தை இங்கேதான் தொடங்கினார். அதே வருஷம் தாராபாய் ஷிந்தே, ஆண் பெண் இருவரையும் ஒப்பிட்டு 'ஸ்திரீ புருஷ் துலனா' என்ற காரசாரமான நூலை வெளியிட்டார். கார்வே விதவைப் பெண்களுக்கு இல்லம் தொடங்கியது 1896. பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் கண்டது 1916.

சமணர்களுள்ளும் இந்த விழிப்பு வந்தது. மும்பையில் சேட் மாணிக்சந்தின் மகள் மகன்பாய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிராவிகாசிரமம் கண்டு பெண்களைப் படிக்க வைத்தார். பீகார் மாநிலம் ஆராவில் பண்டித சந்தாபாய் 1921இல் ஜைன பால விச்ராமம் தொடங்கினார். இருவரும் இளமையில் விதவையானவர்கள். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலத்தில், இவர்கள் எழுந்து பள்ளி நடத்தினார்கள். குரத்தி என்ற பெயர் இல்லாமலேயே குரத்தியின் வேலையைச் செய்தார்கள். இன்னொரு வேடிக்கை: நம்ம ஊர்க் குரத்தியரை நான் விரிவாகப் படித்ததே சோலாப்பூரில் 1957இல் அச்சான பி.பி. தேசாயின் நூலில்தான். நம் வீட்டுப் புதையலுக்கு அடுத்த வீட்டுக்காரர் விளக்குப் பிடித்திருக்கிறார்!

ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1993இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகாராஷ்டிரம் அதை 2011இல் சரிபாதி ஆக்கியது. தமிழ்நாடு 2016இல் ஆக்கியது. தொடக்கத்தில் சாகணைச் சுற்றிய கிராமங்களிலிருந்து சர்பஞ்ச் அம்மா என்று ஒருவர் வந்தால், பேசுவது எல்லாம் கூட வந்த வீட்டுக்காரராக இருக்கும். அதைக் காட்டிச் சிரித்தவர்கள் பலர். ஆனால் வருஷம் போகப் போக நான் கடையிலிருந்தே பார்த்த மாற்றம் உண்டு. இப்போது சுயஉதவிக் குழுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வருகிறார்கள்; மொத்த விலை கேட்கிறார்கள்; மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிறார்கள்; பில்லைக் கூட்டிச் சரிபார்க்கிறார்கள். கூட வந்த ஆண்பிள்ளை வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். இருக்கை கிடைத்த அன்றைக்கே எல்லாருக்கும் பேச்சு வந்துவிடாது. உட்கார உட்காரத்தான் வரும்.

நம் சங்கங்களின் கணக்கு

இனி நம் கணக்கைப் பார்ப்போம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர்கள் பல என் அலமாரியில் இருக்கின்றன. பெண்கள் பெயர் எங்கே வருகிறது? கோலப்போட்டிப் பரிசு, சமையல் குறிப்பு, இறைவணக்கம் பாடியவர், குத்துவிளக்கு ஏற்றியவர். ஆய்வுக் கட்டுரைப் பகுதியில் பெண் பெயர் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் மென்பொருள் எழுதுகிறார்கள், மருத்துவம் பார்க்கிறார்கள், கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். வெளியே குரத்திகள், சங்கத்துக்குள் வந்தால் மட்டும் கோலம் போடுகிறவர்கள். இது என்ன நியாயம்?

"அவங்களுக்கு நேரம் எங்கே சார்? நாங்க கூப்பிடத்தான் செய்யறோம், வர மாட்டேங்கறாங்க" என்று சொல்வோரை அறிவேன். விழா அன்று காலை ஆறு மணிக்கே வந்து இருநூறு பேருக்குச் சிற்றுண்டிக்கு ஏற்பாடு பண்ண நேரம் இருக்கிறவர்களுக்கு, கட்டுரை வாசிக்க மட்டும் நேரம் இராதா? பந்தியை ஆண்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வருஷம் சொல்லிப் பாருங்கள், நேரம் தானாக வரும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். நம் சங்கத்து இலக்கிய வகுப்பில் வரும் வருஷம் நீலகேசியைப் பாடமாக வைப்போம். பாடம் சொல்லும் பொறுப்பைப் பெண்களிடம் ஒப்படைப்போம். தவறான இடத்தில் நூலைக் கண்டிக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கட்டும். போற்றுவதற்கு மட்டும் அழைப்பது அழைப்பாகாது. ஜினாலய நிர்வாகமானாலும் தமிழ்ச் சங்க நிர்வாகமானாலும் மகளிர் அணி என்று தனியே ஓரங்கட்டாமல், செயலாளர், பொருளாளர் பதவிகளில் பெண்கள் அமரட்டும். வீட்டுச் செலவுக் கணக்கு வைக்கிறவர்களுக்குச் சங்கக் கணக்கு ஒன்றும் மலை இல்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகும்போது கழுகுமலைக்கும் சிதறாலுக்கும் வேடாலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பெண் குழந்தை கையைப் பிடித்து அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். இடையின ரகரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

குணந்தாங்கி, பட்டினி, கனகவீரை. இந்தப் பெயர்களைக் கல் இவ்வளவு காலம் காத்தது. ஊர்ப்பெயரும் கல்வியும் சேர்ந்த அந்தப் பழைய முகவரியை நம் பெண் மக்களுக்குத் திருப்பித் தருவது நம் கையில்தான் இருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க அறம்!